பத்துக் கணு எறும்பு: அழகர்கோயில் பக்கம் கிடைத்தது அதுதானா?

சருகுப்பொறுக்கி · அக்டோபர் 19, இரவு 10:12

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசகன் மட்டும்தான். முதல்முறையாக இழை தொடங்குகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் நம்ம அழகர்கோயிலிலிருந்து ஒரு புது எறும்பை விவரித்தார்களே, ஓசெரேயா டெகாமெரா, அந்தச் செய்தி படித்த நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தின் ஹிமேந்தர் பார்தி குழு செய்த வேலை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் கிடைத்த இன்னொன்றுக்குப் பேராசிரியர் அமிதாப் ஜோஷியின் பெயரை வைத்தார்கள். மதுரைக்காரிக்கு உணர்கொம்பில் பத்துக் கணு இருந்ததால் 'டெகாமெரா'. அதற்கு முன்பு இந்தப் பேரினத்தில் ஒன்பது கணு உள்ளதும் பதினொரு கணு உள்ளதும்தான் இந்தியாவில் தெரிந்திருந்தன. அந்த மலைமேல் இருக்கிற நூபுர கங்கைச் சுனைக்குச் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்குகிறவன் நான். எத்தனை தரம் அதை மிதித்துவிட்டுப் போனேனோ.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பன்திருப்பதி தாண்டி நண்பருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை போய், வரப்போரம் பாதி புதைந்து கிடந்த உடைந்த அம்மிக்கல்லைப் புரட்டினேன். அடியில் நூல் பிடித்தமாதிரி ஒரு வரிசை. பழுப்பு நிறம், ஒல்லி, மூன்று மில்லிமீட்டர் இருக்கும். கண்ணே இல்லை. எட்டு எறும்பைக் குப்பியில் பிடித்தேன். யூ.எஸ்.பி. நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் பத்துக் கணு. மூன்று தரம் எண்ணினேன். மகளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், அவளும் பத்து என்றாள்.

அதுதானா? படம் 1, 2 இணைத்திருக்கிறேன்.

---

பொடிமாஸ் · அக்டோபர் 19, இரவு 10:30

அடேங்கப்பா! பேப்பர்ல பேர் வந்தா இந்தக் குழுவை மறந்துடாதீங்க அண்ணே.

---

மூக்குக்கண்ணாடி · அக்டோபர் 20, காலை 6:05

கொஞ்சம் பொறுங்கள். படம் 1 மேலிருந்து எடுத்தது. படம் 2 மங்கல். இவற்றை வைத்து நான் ஆம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

முதலில் கணு எண்ணிய விதத்தைச் சொல்லுங்கள். கொம்பு தலையில் பொருந்தும் இடத்தில் ஒரு சின்ன உருண்டை இருக்கும், அது கணக்கில் சேராது. அதையடுத்த நீளத் தண்டு முழுவதும் ஒன்று. முழங்கை மாதிரி மடங்குகிற இடத்துக்கு அப்பால் ஒரு குட்டிக் கணு வரும், அது இரண்டு. அங்கிருந்து நுனிவரை எண்ண வேண்டும். பாதிப் பேர் தண்டை விட்டுவிடுகிறார்கள், மீதிப் பேர் உருண்டையைச் சேர்த்துவிடுகிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்திருக்கிறேன், இந்த இரண்டு தப்பையும் செய்யாத மாணவரைப் பார்த்ததில்லை.

ஓசெரேயாவில் கடைசிக் கணு மட்டும் பெரிதாகப் பருத்திருக்கும். நடுக் கணுக்கள் அடுக்கி வைத்த காசு போல அகலமாக, உயரம் குறைந்து இருக்கும். நெருக்கத்தில் இரண்டு ஒன்றாகத் தெரியும்.

பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும், முகத்துக்கு நேராக ஒன்று வேண்டும். அதைவிட முக்கியம், அவை எப்படிப் போயின? வேகமாகவா, தயங்கித் தயங்கியா? ஏதாவது தூக்கிக்கொண்டு போயினவா?

---

நெறியாளர் · அக்டோபர் 20, காலை 8:40

ஒரு நினைவூட்டல். அழகர்மலை காப்புக்காடு. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் கல்லைப் புரட்டுவதோ பூச்சி பிடிப்பதோ கூடாது. பட்டா நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு செய்ததை மட்டும் இங்கே பதிவிடுங்கள். வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரியைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அதற்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். படம் அனுப்பலாம், தடையில்லை.

---

சருகுப்பொறுக்கி · அக்டோபர் 20, இரவு 9:15

நெறியாளருக்கு: பட்டா நிலம்தான். நண்பரே கூட நின்று டார்ச் பிடித்தார்.

மூக்குக்கண்ணாடி மேடம், உருண்டையை விட்டுவிட்டு, தண்டைச் சேர்த்து, மறுபடி எண்ணினேன். பத்துதான். வரிசை வேகமாகத்தான் போனது. இரண்டு மூன்று எறும்புகள் வெள்ளையாக எதையோ வயிற்றுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடின. கல்லைப் புரட்டியதால் தங்கள் குஞ்சைக் காப்பாற்றுகின்றன என்று நினைத்தேன்.

---

ஏலத்தோட்டம் · அக்டோபர் 20, இரவு 11:48

தம்பி, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வயிற்றுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடுவது படையெறும்பின் பழக்கம். ஏனிக்டஸ் பார்த்திருக்கிறீர்களா? அதற்கும் கண் கிடையாது. இன்னொரு எறும்பின் புற்றைக் கொள்ளையடித்துக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் மலையில் மழைக்குப் பிறகு பாதையைக் குறுக்கே கடக்கும்.

சரி, அது இருக்கட்டும். நீங்கள் தேடுகிற வகையைக் கல் புரட்டிப் பிடிப்பது லாட்டரி மாதிரி. நான் முதல் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். கிடைத்ததெல்லாம் கட்டெறும்பும் நெருப்பெறும்பும். ஒளிந்து வாழ்கிற குட்டி எறும்பு கல்லுக்கு அடியில் உட்கார்ந்து நமக்காகக் காத்திருக்காது. மட்கிய சருகுக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் தடிமனில் ஓர் அடுக்கு இருக்கிறதே, அங்கேதான் அதன் ஊர். ஒரு கூட்டத்தில் நாற்பது ஐம்பது பேர்தான் இருப்பார்கள். உளுத்துப்போன ஒரு சுள்ளிக்குள், ஒரு கொட்டை ஓட்டுக்குள் மொத்தக் குடும்பமும் அடங்கிவிடும். நாம் நின்றுகொண்டே பார்த்தால் கண்ணில் படவே படாது.

சலிக்க வேண்டும். காய்கறிக் கூடைக்கு அடிப்பாகமாக ஒரு சென்டிமீட்டர் கண் உள்ள கம்பிவலை கட்டி, கீழே பழைய தலையணை உறையைத் தைத்துக்கொண்டேன். ஒரு சதுர மீட்டர் சருகை மேல்மண்ணோடு வாரிப்போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினால் பொடி மட்டும் உறைக்குள் இறங்கும். அந்தப் பொடியைக் கொசுவலைப் பையில் போட்டு, அதை இன்னொரு துணிப்பைக்குள் தொங்கவிட்டு, அடியில் ஸ்பிரிட் ஊற்றிய கப்பைக் கட்டிவிட வேண்டும். சருகு காயக் காய உள்ளே இருக்கிறவை ஈரம் தேடி அலையும், வலைக் கண் வழியாக வெளியே வரும், கப்பில் விழும். விங்க்ளர் பை என்பது இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். ஆய்வாளர்கள் இதே வேலையை 200 மீட்டர் நேர்கோட்டில், பத்து மீட்டருக்கு ஒன்றாக 20 இடத்தில் செய்வார்கள். நமக்கு ஓர் இடம் போதும், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஒருமுறை பக்கத்துக் காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் மூன்று மணிநேரம் மண்டியிட்டுத் தேடினேன், இரண்டே வகை. அதே இடத்தின் சருகைப் பையில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலை கப்பில் பதினொரு வகை! அன்றைக்கே என் கண்மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது.

---

பொடிமாஸ் · அக்டோபர் 21, காலை 7:20

பையெல்லாம் எதுக்கு அண்ணே, புனல்ல சருகைப் போட்டு மேல ஒரு குண்டு பல்பை எரியவிட்டா முடிஞ்சது. நான் அப்படித்தான் மொட்டைமாடித் தொட்டி மண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரே ராத்திரி.

---

ஏலத்தோட்டம் · அக்டோபர் 21, பகல் 1:02

ஒரே ராத்திரியில் என்ன விழுந்தது?

---

பொடிமாஸ் · அக்டோபர் 21, பகல் 1:10

மண்புழு. :(

---

ஏலத்தோட்டம் · அக்டோபர் 21, இரவு 10:35

அதுதான் சொல்ல வந்தேன். பல்பு முறையும் நல்ல முறைதான், நூறு வருடத்துக்கு மேலாகப் பயன்படுகிறது. ஆனால் சூடு அதிகமானால் மெதுவாக நகர்கிற பூச்சி கீழே இறங்கி வருவதற்குள் அங்கேயே காய்ந்து செத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த மெதுவானவைதான். சின்ன வாட் பல்பை உயரத்தில் தொங்கவிட்டு மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டால் சரி.

---

மூக்குக்கண்ணாடி · அக்டோபர் 21, இரவு 11:00

ஏலத்தோட்டம் சாரோடு ஒரு சின்ன முரண்பாடு. பை நல்லதுதான், ஆனால் பையில் விழுந்த எறும்பு பிணம்தான். அது எங்கே இருந்தது, யாரோடு இருந்தது, என்ன செய்தது, எதுவும் தெரியாது. நேரடியாகத் தேடுவதை விட்டுவிடாதீர்கள். வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி பொடியைப் பரப்பிவிட்டுத் தட்டாமல், ஊதாமல் பத்து நிமிடம் சும்மா இருங்கள். குட்டி எறும்புகளில் பல, ஆபத்து என்றால் காலை மடக்கிக்கொண்டு மண்துகள் மாதிரிக் கிடக்கும். நாம் அடங்கினால்தான் அது நகரும். என் மாணவிகள் மூன்றாவது நிமிடத்தில் செல்போனை எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் தட்டில் ஒன்று நடந்து போகும்.

படையெறும்பு என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் குஞ்சு தூக்கியது மட்டும் சாட்சியாகாது. ஓசெரேயா பைரோய் என்று டெகாமெராவுக்கு ஓர் உறவுக்காரி இருக்கிறாள். அவளும் அடுத்த எறும்புகளின் கூட்டில் புகுந்து குஞ்சு திருடித் தின்பவள்தான். அந்த இனத்தில் ராணியே கிடையாது. வேலைக்காரிகள் எல்லோரும் ஆணில்லாமல் முட்டையிட்டுத் தங்களைப் போன்ற பெண்களையே பெற்றுக்கொள்கிறார்கள். அதனால் உடலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

---

சருகுப்பொறுக்கி · அக்டோபர் 22, இரவு 9:50

மன்னிக்கவும், கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது. கண் இல்லை, பழுப்பு, பத்துக் கணு, அழகர்மலை அடிவாரம். கட்டுரையிலும் இதேதான். பத்து என்றால் பத்துதானே? இன்னும் என்ன வேண்டும்?

---

மூக்குக்கண்ணாடி · அக்டோபர் 23, காலை 5:55

கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து என்பது எண்ணிக்கை, பெயர் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் திரிகிற நெருப்பெறும்பு, சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா, அதை எண்ணிப் பாருங்கள். அதற்கும் பத்துதான், நுனி இரண்டு கணு பருத்திருக்கும். ஏனிக்டஸில் பெரும்பாலானவற்றுக்கும் பத்துதான். ஓசெரேயாவுக்குள் வந்துவிட்டோம் என்று உறுதியான பிறகுதான் அந்தப் பத்துக்கு மதிப்பு. அதற்கு முன்னால் வேறு கேள்விகள் இருக்கின்றன.

நான் எப்போதும் இடுப்பிலிருந்துதான் தொடங்குவேன். பக்கவாட்டில் பார்த்தால் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு முடிச்சா, இரண்டு முடிச்சா? ஒரு முடிச்சு என்றால் வயிற்றின் நுனிக்குப் போங்கள். வட்டமான துளை, சுற்றி முடி இருந்தால் ஒரு துணைக் குடும்பம். குறுக்குக் கீறல் மாதிரி இருந்தால் வேறு துணைக் குடும்பம். அடுப்படியில் தலை கறுத்து வயிறு வெளுத்து ஓடுமே, டாபினோமா மெலனோசெபாலம், அது இரண்டாவது வகை. நசுக்கினால் ஒரு மாதிரி நாறும். கொடுக்கு நீட்டிக்கொண்டிருந்து முதல் வயிற்றுக் கணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இறுக்கம் இருந்தால் அது இன்னொரு பெரிய கூட்டம். இரண்டு முடிச்சு என்றால் உலகம் இன்னும் பெரிது.

உங்கள் சிக்கல் இரண்டு முடிச்சில்தான். ஏனிக்டஸில் இரண்டு முடிச்சும் சிறியவை, வயிறு தனியாகத் தெரியும். கால் நீளம், கொம்பு ஒல்லி, கணுக்கள் நீளவாக்கில் இருக்கும். ஓசெரேயாவில் உடம்பே உருளை மாதிரி, கால் குட்டை. இரண்டாவது முடிச்சு பெருத்து, வயிற்றின் தொடர்ச்சியோ என்று தோன்றும். மேலெல்லாம் அம்மை விழுந்தமாதிரிக் குழி. இதையெல்லாம்விட நான் நம்புவது வயிற்றின் கடைசி மேல்தகட்டை. ஓசெரேயாவிலும் அதன் சொந்தங்களிலும் அது தட்டையாகி, ஓரத்தில் வரிசையாகக் குட்டி முளைகள் இருக்கும். ஏனிக்டஸில் அந்தத் தகடே ஒடுங்கிப்போயிருக்கும், முளை இருக்காது.

இதைப் பார்க்க எறும்பு ஸ்பிரிட்டில் மிதக்கக் கூடாது. கெட்டி அட்டையைக் கூரான முக்கோணமாக வெட்டி, நுனியைக் கொஞ்சம் வளைத்து, ஊசிமுனையளவு பசை தொட்டு, எறும்பின் வலப்பக்கம் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒட்டுங்கள். முக்கோணத்தின் அடியில் குண்டூசி. இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். முதல் ஐந்து எறும்பு நாசமாகும். உங்களிடம் எட்டு இருக்கிறதே.

---

கிலிமலே காட்டான் · அக்டோபர் 23, இரவு 8:30

இந்த இழையைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. நான் இரத்தினபுரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் ஊர்க் காட்டில்தான் அனியூரீட்டஸ் சைமோனி இருக்கிறது. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இல்லை.

இத்தாலிய எறும்பியலாளர் எமெரி 1893-இல் அதை விவரித்தார். அந்த எறும்பின் துணைக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம்தான். மற்றச் சொந்தக்காரர் எல்லாம் புதைபடிவமாகிவிட்டார்கள், சிலர் பால்டிக் கடலோரத்து அம்பரில் (கல்லான மரப்பிசினில்) கிடக்கிறார்கள். அமெரிக்க எறும்பியலாளர் எட்வர்ட் வில்சன் 1955-இல் இதைத் தேடிக்கொண்டே இலங்கைக்கு வந்து, கிலிமலேயில் பிடித்தார். பிறகு வந்த தேடல்களில் ஈரவலயத்தில் வேறு சில காடுகளிலும் கிடைத்தது. இருந்தாலும் சிவப்புப் பட்டியலில் மிக அபாயத்தில் உள்ள இனம்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பக்கம் ஒரு ஆய்வுக்குழுவுக்குச் சாமான் தூக்கப் போயிருந்தேன். அவர்களுக்கு அனுமதிக் கடிதம் இருந்தது, எனக்கு இரண்டு கால் இருந்தது, அவ்வளவுதான். ஒரு உளுத்த கொம்பை உடைத்தார்கள். உள்ளே பொன்மஞ்சள் நிறத்தில் குட்டி எறும்பு கொஞ்சம், அதே கூட்டத்தில் தலை பெருத்தவை ஒன்றிரண்டு. நான் 'அட, இது சும்மா பெருந்தலை எறும்பு, தோட்டமெல்லாம் இருக்கு' என்று தட்டிவிடப் பார்த்தேன். குழுவில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். லென்ஸைக் கொடுத்து இடுப்பைப் பார்க்கச் சொன்னார். பெருந்தலை எறும்புக்கு இரண்டு முடிச்சு. இதற்கு நீளமான காம்போடு ஒரே முடிச்சு. முதுகில் இரண்டு முள். கொடுக்கும் இருக்கிறது.

இருபத்தைந்து வருடம் அந்தக் காட்டில் விறகு பொறுக்கியிருக்கிறேன். அந்தக் கொம்பு மாதிரி எத்தனையை அடுப்பில் வைத்திருப்பேன் என்று யோசித்தால் இன்றைக்கும் என்னவோ போல இருக்கும்.

---

பொடிமாஸ் · அக்டோபர் 23, இரவு 9:01

அண்ணே, உடம்பு சிலிர்த்துப் போச்சு.

இடையில ஒரு சந்தேகம். ஸ்பிரிட் எங்க வாங்குறது? கடையில கேட்டா குடிக்கவான்னு பார்க்கிறாங்க.

---

ஏலத்தோட்டம் · அக்டோபர் 24, காலை 6:40

சுத்தமான எத்தனால் வாங்க உரிமம், கடிதம் என்று அலைய வேண்டும். பொழுதுபோக்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும், மின்னணுப் பொருள் விற்கிற கடையில் துடைப்பதற்கென்று கிடைக்கும். உருவம் பார்க்க அது தாராளம். டி.என்.ஏ. எடுக்க வேண்டுமென்றால்தான் அடர்த்தியான எத்தனால் வேண்டும், அந்த வேலை நமக்கில்லை.

இன்னொன்று. வாயால் உறிஞ்சுகிற குழாய் வைத்துப் பிடிக்கிறவர்கள், நடுவில் துணி கட்டியிருந்தாலும் முசுறு இருக்கிற இடத்தில் பயன்படுத்தாதீர்கள். நான் ஒருமுறை உறிஞ்சினேன். அமிலம் நேராகத் தொண்டைக்குப் போய் இரண்டு நாள் இருமல்.

காட்டான் அண்ணன் சொன்னதைக் கேட்டதும் இதுவும் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் தரையிலேயே தேடாதீர்கள். அருணாசலத்தில் சியாங் பள்ளத்தாக்கின் யிங்கு கிராமத்தருகே 2024-இல் விவரித்த நீல எறும்பு, பாராபாராட்ரெசினா நீலா, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. பத்தடி உயரத்தில் ஒரு மரப்பொந்தில் இருந்தது. பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்துக்காரர்கள் சாயங்கால நேரத்தில் பொந்துக்குள் ஏதோ மினுங்கியதைப் பார்த்து எட்டிப் பார்த்தார்களாம். அதுவும் எறும்பு தேடிப் போனபோது இல்லை, வண்டு பார்க்கப் போனபோது.

---

மூக்குக்கண்ணாடி · அக்டோபர் 24, இரவு 10:10

வண்டு விஷயத்தை எங்கே படித்தீர்கள்?

---

ஏலத்தோட்டம் · அக்டோபர் 24, இரவு 10:32

சாயங்காலம், பொந்து, மினுக்கம் வரை படித்தது. வண்டு என் ஞாபகத்தில் ஒட்டிக்கொண்டது, வேறெதிலிருந்தோ வந்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிங்காம் 1903-இல் எழுதிய இந்திய எறும்புத் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும், ஆனால் அதில் உள்ள பெயரை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதில் ஃபிடோலோகெட்டான் என்று இருப்பது இன்றைக்குக் கரேபாரா. செராபாகிஸ் என்ற பேரினம் ஒரு பெரிய மூட்டை, அதை 2016-இல் பிரித்தார்கள், பைரோய் உட்படப் பல இனம் அதிலிருந்துதான் ஓசெரேயாவுக்கு வந்தன. பெயருக்கு ஆன்ட்கேட், படத்துக்கு ஆன்ட்வெப் தளங்களைப் பாருங்கள்.

---

சருகுப்பொறுக்கி · நவம்பர் 3, இரவு 11:25

பத்து நாள் கழித்து வருகிறேன். தீபாவளிக் கணக்கு முடிக்கிற வேலை, கடையை விட்டு நகர முடியவில்லை.

மேடம் சொன்னபடி அட்டையில் ஒட்டினேன். ஐந்து இல்லை, ஆறு எறும்பு நாசம். ஒன்றின் தலை பசையில், உடம்பு என் விரலில். ஏழாவது நன்றாக வந்தது. படம் 3 பக்கவாட்டு, படம் 4 முகம், படம் 5 வயிற்று நுனி.

கால் நீளம். கொம்பு ஒல்லி. கடைசிக் கணு பெரிதாகப் பருக்கவில்லை. இரண்டு முடிச்சும் சிறியவை. தகட்டில் முளை எதுவும் இல்லை. கணு பத்து, அது மட்டும் மாறவேயில்லை.

ஏனிக்டஸ்தான், இல்லையா? நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்லிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. மகளிடம் சொன்னேன். 'அப்ப நாம எண்ணினது தப்பா?' என்றாள். எண்ணினது சரி பாப்பா, அப்பா அவசரப்பட்டதுதான் தப்பு என்றேன்.

அப்புறம் இன்னொன்று. ஏலத்தோட்டம் சாரின் தலையணை உறை வேலையையும் செய்தேன். அதே தோப்பு, கிணற்றடி மாமரத்தின் கீழே சருகு கனமாக இருக்கிற இடம். பையைக் கொல்லைப்புறக் கொடியில் தொங்கவிட்டேன், வீட்டில் 'இது என்ன புதுசா பொங்கல் புளிமூட்டை' என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் கப்பை வடிகட்டினால் தாவுகிற வெள்ளைப் பூச்சி, உண்ணி மாதிரி ஏதேதோ, நண்டுக் கை வைத்த தேள்க் குஞ்சு மாதிரி ஒன்று. கடைசியில் மண்துகள் என்று கொட்டப் போனதில் மூன்று எறும்பு. இரண்டு மில்லிமீட்டர் வருமோ வராதோ. தலை இதயம் மாதிரி, பின்னால் அகலம், முன்னால் கூர். இடுப்பில் பஞ்சு ஒட்டினமாதிரி ஏதோ தொங்குகிறது. முதலில் பூஞ்சை என்று நினைத்து ஊசியால் சுரண்டினேன், வரவில்லை. கொம்பில் எண்ணினால் ஆறு. இந்தத் தடவை நான் எதுவும் சொல்வதாக இல்லை. படம் 6, 7, 8.

---

மூக்குக்கண்ணாடி · நவம்பர் 4, காலை 5:40

ஏனிக்டஸ், சந்தேகமில்லை. பேரினத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

படம் 7-ஐப் பார்த்துவிட்டுக் காப்பியை ஆறவிட்டுவிட்டேன். ஸ்ட்ருமிஜெனிஸ். நீங்கள் சுரண்டப் பார்த்த பஞ்சு பூஞ்சை இல்லை, அதன் உடம்பேதான். இரண்டு முடிச்சிலும் கடற்பஞ்சு மாதிரித் திசு தொங்குவது இந்தக் கூட்டத்தின் முத்திரை. கப்பில் தாவுகிற வெள்ளைப் பூச்சி என்றீர்களே, பெரும்பாலும் அதுதான் இதன் சாப்பாடு. தாடையைத் திறந்தபடி மெல்ல மெல்ல நெருங்கி, இரை எட்டும் தூரத்தில் வந்ததும் பட்டென்று மூடும். சிலவற்றுக்குத் தாடை நீளமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், உங்களுடையதற்குக் குட்டை முக்கோணம்.

இனம் என்ன என்று கேட்காதீர்கள். உலகத்தில் எண்ணூறுக்கு மேல் இருக்கிறது. முகத்தில் உள்ள முடி தட்டையா, கரண்டி மாதிரியா, எத்தனை, எங்கே என்றெல்லாம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். படம் 6-இல் முடி தெரியவில்லை. ஒன்றை அட்டையில் ஒட்டுங்கள், இரண்டை ஸ்பிரிட்டிலேயே வைத்திருங்கள். ஊசியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சீட்டு எழுதினீர்களா?

---

சருகுப்பொறுக்கி · நவம்பர் 4, இரவு 9:30

எழுதினேன் மேடம். குப்பிமேல் பேனாவால்.

ஸ்பிரிட் வழிந்து இப்போது அது நீலக்கறை. ஏனிக்டஸ் குப்பி எது, சருகுக் குப்பி எது என்று கொஞ்ச நேரம் குழம்பிப்போனேன், எறும்பைப் பார்த்துத்தான் பிரித்தேன்.

---

மூக்குக்கண்ணாடி · நவம்பர் 4, இரவு 9:52

பென்சில். குப்பிக்கு உள்ளே, கெட்டித் தாள் துண்டில். ஊர், தோப்பின் எந்தப் பக்கம், தேதி, சருகா கல்லடியா மரமா, பிடித்தவர் பெயர். இப்போதே, ஞாபகம் இருக்கும்போதே எழுதிப் போடுங்கள். சீட்டில்லாத எறும்பு வெறும் குப்பைத் துகள், அது டெகாமெராவாகவே இருந்தாலும்.

---

ஏலத்தோட்டம் · நவம்பர் 5, காலை 7:15

தம்பி, அந்தக் கிணற்றடியை விடாதீர்கள். மழை ஓய்ந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் போங்கள். கொட்டுகிறபோது போனால் சருகு சேறாகிவிடும், சலிக்காது. மார்கழி தாண்டினால் அதெல்லாம் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும், அப்புறம் கடப்பாரைதான். டெகாமெரா அந்தப் பக்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரே இடத்தைப் பத்து முறை சலித்தால்தான் இல்லை என்று சொல்லக்கூட உரிமை வரும்.

---

சருகுப்பொறுக்கி · நவம்பர் 5, பகல் 2:10

வர்ற ஞாயிறு போகிறோம். மகளும் வருகிறாள், அவளுக்குத் தனி வெள்ளைத் தட்டு கேட்டிருக்கிறாள். பத்து நிமிடம் சும்மா இருக்க முடியுமா என்றதற்கு, 'உங்களைவிட நான் இருப்பேன்' என்கிறாள்.

---

பொடிமாஸ் · நவம்பர் 5, பகல் 2:14

எறும்பு பிடிக்க டூனா மீனைப் பொடிச்சு வைக்கணும்னு ஒரு வீடியோல பார்த்தேன். டின் விலை தாங்கல. கருவாடு வெச்சா வருமா?

---

கிலிமலே காட்டான் · நவம்பர் 5, மாலை 6:45

வரும். முதலில் பூனை வரும்.